லூயி ஆம்ஸ்ட்ராங்: சிறுவர் இல்லத்துப் பேண்டில் உருவான இசைமேதை

குடியரசு நாளிலும் விடுதலை நாளிலும் திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் பகுதிப் பள்ளிகள் சிலவற்றில் பேண்டு வாத்தியக் குழுவினர் அணிவகுத்து வருவதை நம் சங்க உறுப்பினர் பலரும் கண்டிருப்பர். முன்னே கோல் ஏந்திய மாணவன், அவன் பின்னே பியூகிள் ஊதுவோர், கடைசியில் சிறு முரசும் பெருமுரசும் முழக்குவோர். அவ்வரிசையில் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. ஆயினும் தம் மகன் பேண்டில் சேர்ந்திருக்கிறான் என்று கேட்டவுடன் நம் பெற்றோர் பலருடைய முகம் வாடிவிடுகிறது. அதன் காரணத்தை நாம் வெளியில் தேட வேண்டியதில்லை. ஊரார் ஏவிய போதெல்லாம் இழவு வீட்டு வாசலில் பறையடித்து, கூலியென்ற பெயரில் கொஞ்சம் நெல்லோ பழங்கஞ்சியோ பெற்று வந்த தலைமுறையின் நினைவு இன்னும் ஆறவில்லை. இந்தப் பிள்ளையாவது புத்தகத்தைத் தொடட்டும், தோலைத் தொட வேண்டா என்று ஒரு தந்தை நினைப்பாராயின் அவரைக் குறை கூற நமக்கு மனம் வருவதில்லை. பறையடிக்க மாட்டோம் என்று சொன்னதற்காக அடிபட்ட ஊர்கள் நம் தமிழகத்தில் பல.

வெள்ளி விழா மலருக்கு ஒரு பெரியாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதுமாறு விழாக் குழுவினர் பணித்தபோது, தலைவர்களையும் அறிஞர்களையும் பற்றி எழுதப் பலர் இருப்பர் என்று எண்ணி, ஊதுகருவி ஒன்றால் உலகை வென்ற ஒருவரை நாம் தேர்ந்துகொண்டோம். ஆம்ஸ்ட்ராங் என்றவுடன் மாணவர்களுக்கு 1969இல் நிலவில் கால் வைத்தவரும், மற்றவர்களுக்கு 2024இல் சென்னையில் படுகொலை செய்யப்பட்ட பகுஜன் சமாஜ் கட்சித் தலைவரும் நினைவுக்கு வரலாம். நாம் கூறப்போவது அமெரிக்க நாட்டுக் கறுப்பின இசைவாணர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் வரலாறு.

அமெரிக்காவின் தென்பகுதியில், லூசியானா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் அமைந்தது நியூ ஆர்லியன்ஸ் நகரம். அங்கே 1901ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் லூயி பிறந்தார். தாம் 1900ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் பிறந்ததாகவே அவர் வாழ்நாள் முழுதும் கூறி வந்தார். அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, 1980களில், ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டிய ஆராய்ச்சியாளர் மூலமே உண்மை நாள் தெரிய வந்தது. பிறந்த நாள் தெரியாமல், பள்ளியில் சேர்த்த ஆசிரியர் எழுதிய தேதியையே தம் பிறந்த நாளாகக் கொண்ட நம் பெரியோர்களை எண்ணிப் பார்த்தால் இதில் வியப்பில்லை.

தந்தை வில்லியம் குழந்தை பிறந்தவுடன் குடும்பத்தை விட்டு அகன்றார். தாய் மேரி ஆல்பர்ட்டுக்கு அப்போது பதினாறு வயதளவே இருக்கும். பாட்டி ஜோசஃபின் தான் முதல் சில ஆண்டுகள் பேரனை வளர்த்தார். பிறகு தாயுடனும் தங்கை பியாட்ரிசுடனும் அவர் வாழ்ந்த பகுதிக்கு ஊரார் இட்ட பெயர் போர்க்களம். கத்திக்குத்தும் துப்பாக்கிச் சூடும் அங்கே அன்றாட நிகழ்ச்சிகள். கார்னாஃப்ஸ்கி என்னும் ஏழை யூதக் குடும்பத்தார் பழைய பொருள்களும் கரியும் விற்கும் வண்டியில் சிறுவன் லூயியை வேலைக்கு வைத்துக்கொண்டு, தம்முடன் உணவும் அளித்தனர். வண்டி வருவதை அறிவிக்கத் தகரக் குழல் ஒன்றை ஊதிக்கொண்டே செல்வது அவன் வேலைகளுள் ஒன்று. மாலையில் தோழர் மூவருடன் சேர்ந்து தெரு முனைகளில் நால்வர் பாட்டுப் பாடிக் காசு சேர்ப்பான்.

இங்கே ஒரு செய்தியை நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டும். வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனி இரயில் பெட்டி என்ற சட்டம் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1896இல் தீர்ப்பளித்தது. அவ்வழக்கு எழுந்ததே இந்த நியூ ஆர்லியன்ஸ் நகரில்தான். 1900இல் அந்நகரப் பள்ளி வாரியம், கறுப்பர் பிள்ளைகளுக்கு ஐந்தாம் வகுப்புக்கு மேல் அரசுப் பள்ளியில் கல்வி இல்லை என்று முடிவு செய்தது. கறுப்பின மாணவர்க்கென அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்று 1917இல்தான் அங்கே திறக்கப்பட்டது. லூயிக்கு அப்போது வயது பதினாறு. அதற்கு முன்பே, பதினோரு வயதளவில், ஃபிஸ்க் என்னும் தொடக்கப் பள்ளியோடு அவன் படிப்பு நின்றுவிட்டது. நின்றிராவிட்டாலும் மேலே ஏறுவதற்குப் படிகள் கட்டப்படவே இல்லை.

1912ஆம் ஆண்டின் கடைசி இரவு. புத்தாண்டை வரவேற்கும் ஆரவாரத்தில், வீட்டிலிருந்த கைத்துப்பாக்கி ஒன்றை எடுத்துச் சென்ற லூயி அதை வானை நோக்கிச் சுட்டான். காவலர் பிடித்தனர். மறுநாள் நீதிமன்றம் அவனைக் கறுப்பின அனாதைச் சிறுவர் இல்லத்துக்கு அனுப்பியது. தண்டனைக்கு இத்தனை மாதம் என்ற வரையறை எதுவும் கூறப்படவில்லை. அந்த 1913ஆம் ஆண்டிலேதான், ஜூலைத் திங்களில், நம் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயில நியூயார்க் நகரில் வந்திறங்கினார். பரோடா மன்னரின் உதவித் தொகையோடு அந்நாட்டின் வடக்கே ஒருவர் பொருளாதாரம் பயிலத் தொடங்கிய வேளையில், அதே நாட்டின் தெற்கே பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் அடைபட்டிருந்தான்.

அந்த இல்லத்தை நடத்தியவர் ஜோசஃப் ஜோன்ஸ் என்னும் கறுப்பினத்தவர். குதிரைப் படையில் பணியாற்றியவராதலின் இல்லத்திலும் படைவீட்டு ஒழுங்கே நிலவியது. விடியற்காலை எழுதல், தரை மெழுகுதல், மரத் துப்பாக்கியுடன் அணிவகுப்பு, தோட்ட வேலை, கொஞ்சம் படிப்பு எனப் பொழுது கழியும். லூயி முதல் சில நாள்கள் உணவையே தொடவில்லை. இல்லத்தில் சிறுவர் பேண்டு ஒன்று இருந்தது. அதனைப் பயிற்றுவித்தவர் பீட்டர் டேவிஸ். இவ்வரலாற்றில் நாம் மிகவும் மதிக்கும் மனிதர் இவரே. ஆயினும் தொடக்கத்தில் அவரும் தவறாமல் இல்லை. போர்க்களம் என்று பெயரெடுத்த பகுதியிலிருந்து வந்த பையன் உருப்பட மாட்டான் என்று கருதி லூயியைப் பல நாள் ஒதுக்கியே வைத்தார். சேரிப் பிள்ளை என்றாலே கடைசி வரிசை என்று எண்ணும் ஆசிரியர் எல்லா நாட்டிலும் உண்டு போலும்.

ஆனால் டேவிஸ் தம் கண்ணால் கண்டதை மறுக்காதவர். பாட்டுக் குழுவில் லூயியின் ஓர்மையைக் கண்டு, ஒரு நாள் டம்பூரின் என்னும் சிறு கைத்தட்டை அவன் கையில் கொடுத்தார். அதில் அவன் காட்டிய தாளக் கட்டைக் கண்டு முரசுக்கு மாற்றினார். அடுத்து ஆல்ட்டோ கொம்பு தந்தார். பேண்டில் ஆல்ட்டோ கொம்புக்கு மெட்டு வாசிக்கும் பெருமை கிடையாது. பிறர் மெட்டு வாசிக்க, அதன் அடியில் துணைச் சுரங்களை இட்டுச் செல்வது அதன் வேலை. தெருமுனை நால்வர் பாட்டில் துணைக்குரல் பாடிப் பழகிய செவி லூயிக்கு அங்கே கைகொடுத்தது. தன் குரலை உயர்த்தாமல் பிறர் வாசிப்பதற்கு இசைந்து வாசிக்கும் பயிற்சியைப் பேண்டைத் தவிர வேறெங்கும் அவன் இவ்வளவு இளமையில் பெற்றிருக்க முடியாது.

பின்னர்ப் பியூகிள் ஊதுவோன் பதவி வந்தது. உறங்கி எழவும், உண்ணவும், படுக்கவும் அதன் ஒலியே கட்டளை. கைக்கு வந்தபோது அக்கருவி பச்சை படர்ந்து களிம்பேறிக் கிடந்தது. லூயி அதைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளக்கச் செய்துவிட்டே ஊதத் தொடங்கினான். பியூகிளில் விரல் வைக்கத் துளையும் இல்லை, அழுத்தக் கட்டையும் இல்லை. நம் நாகசுரத்துக்குச் சீவாளி உண்டு. இதற்கு அதுவும் இல்லை. கிண்ணம் போன்ற வாய்க்குமிழில் உதடுகளை அழுத்தி, அவற்றின் இறுக்கத்தையும் மூச்சின் வேகத்தையும் மாற்றியே நான்கைந்து சுரங்களை எழுப்ப வேண்டும். அந்நான்கைந்தையும் பிசகின்றி எழுப்பும் உதடு வாய்த்துவிட்டால், மூன்று அழுத்துகட்டைகளையுடைய கார்னெட்டு எளிதில் வசப்படும். டேவிஸ் அடுத்து அளித்தது கார்னெட்டு. சில மாதங்களில் பேண்டின் தலைவனாகவும் அவனையே ஆக்கினார். தலைவனுக்கு மற்றவரினின்று வேறுபட்ட சீருடை. உடுக்க நல்ல துணி அறியாத சிறுவன் அதை அணிந்து முன்னே நடந்தான்.

அப்பேண்டு நகரத்தில் அணிவகுத்துச் செல்லும் வழக்கமுடையது. ஒரு நாள் அது போர்க்களப் பகுதி வழியே வந்தது. சூதாடிகளும் வீதிப் பெண்களும் கூலியாட்களும் வெளியே ஓடி வந்து பார்த்தனர். தம் தெருப் பிள்ளை கார்னெட்டு ஏந்தி முன்னே வருவதைக் கண்டதும், இரவு வேலை முடித்து உறங்கிக் கொண்டிருந்த அவன் தாயை எழுப்பி அழைத்து வந்தனர். அன்று அவர்கள் அள்ளி இட்ட காசில் சிறுவர் அனைவருக்கும் புதுச் சீருடையும் புதுக் கருவிகளும் வாங்க முடிந்ததென்று ஆம்ஸ்ட்ராங் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். ஊரே கழிசடை என்று தள்ளிய மக்கள் தம் பிள்ளைக்காகத் தந்த நன்கொடை அது. கைப்பிடி அரிசியும் உண்டியல் காசும் திரட்டிப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கித் தரும் பணியை அறிந்த நம்மவர்க்கு அக்காசின் எடை விளங்கும்.

இவற்றையெல்லாம் கூறுவதால் அந்த இல்லத்தை நாம் புகழ்வதாக எவரும் கொள்ள வேண்டா. அது சிறைதான். வானத்தை நோக்கிச் சுட்ட ஒரு குண்டுக்காகப் பதினொரு வயதுக் குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து அடைத்தது நீதியாகாது. அங்கிருந்து கருவி எதுவும் கையில் இன்றி வெளியேறிய பிள்ளைகளின் வரலாற்றை எழுத எவரும் இல்லை. ஆயினும் பள்ளிக்கூடம் மறுக்கப்பட்ட ஒரு பிள்ளைக்குப் பள்ளி தரவேண்டியிருந்த சிலவற்றை அந்தப் பேண்டு தந்தது. காலந்தவறாமை, பிறர் வாசிப்பைக் கேட்டல், பிழையைப் பத்துப் பேர் முன்னிலையில் திருத்திக்கொள்ளல், தாயின் கண்முன் தலைநிமிர்ந்து நடத்தல் ஆகியவற்றை அவன் அங்கேதான் பெற்றான்.

நம் நாட்டில் பேண்டுக்குள்ளும் சாதி நுழைந்துவிடும் என்பதை நாம் மறைக்கவில்லை. நாம் ஆசிரியப் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் ஒரு பள்ளியில் கண்டதைச் சொல்கிறோம்; ஊரும் பெயரும் வேண்டா. அங்கே முரசு என்றால் நம் பிள்ளைகள், பியூகிள் என்றால் பிறர் என்று எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. வாய் வைத்து ஊதும் கருவியாதலின் எச்சில் தீட்டு. ஒரு முறை பியூகிள் மாணவன் வராத நாளில் நம் பையன் ஒருவன் அதை எடுத்து ஊதினான், நன்றாகவே ஊதினான். மறுநாள் அந்தப் பியூகிளைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் வைத்திருந்தார்கள். பையனின் தந்தை வந்து, இனி அவன் எதையும் அடிக்கவும் வேண்டா, ஊதவும் வேண்டா என்று பெயரை நீக்கச் சொன்னார். அவரோடு மாலை வரை நாம் பேசினோம். பையன் பேண்டில் நீடித்தான். பியூகிளும் அடுத்த ஆண்டு அவன் கைக்கு வந்தது. தலைமையாசிரியர் மாறியதும் அதற்கு ஒரு காரணம் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

அன்று அத்தந்தையிடம் நாம் கூறியதையே இன்றும் கூறுகிறோம். இழிவு தோலிலும் இல்லை, பித்தளையிலும் இல்லை. அடி என்று ஒருவன் ஏவ, மறுக்க வழியின்றி மற்றொருவன் அடித்ததில் இருந்தது. விரும்பிக் கற்பதும் ஏவலுக்கு அடிப்பதும் வேறு வேறு. மதுரைப் பகுதிப் பறையாட்டக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டதை நம் இளைஞர் அறிவர். காவல் துறையிலும் தரைப்படையிலும் வான்படையிலும் இசைக்குழுக்கள் உண்டென்பதும், பள்ளிப் பேண்டில் பயின்ற பிள்ளைக்கு அவ்வாயில்களும் திறக்கக்கூடும் என்பதும் பெற்றோர் அறிய வேண்டியவை.

லூயியிடம் திரும்புவோம். 1914 ஜூன் 16ஆம் நாள் அவன் விடுவிக்கப்பட்டான். வெளியே வந்தவனிடம் சொந்தக் கார்னெட்டு இல்லை. பகலில் கரி வண்டி, இரவில் கிடைத்த இடத்தில் வாசிப்பு. அந்நகரின் பெரும் கார்னெட்டுக் கலைஞர் ஜோ ஆலிவர், தம் பழைய கருவியொன்றைத் தந்து ஊக்கினார். பிறகு மிசிசிப்பியில் செல்லும் உல்லாசக் கப்பலின் இசைக்குழுவில் சேர்ந்து, எழுதிய இசையைத் தடையின்றிப் படித்து வாசிக்கப் பழகினார். 1922 ஆகஸ்டில் ஆலிவர் சிகாகோவுக்கு அழைத்தார். குருவுக்குப் பக்கத்தில் இரண்டாம் கார்னெட்டு. ஆல்ட்டோ கொம்பில் பழகிய துணைவாசிப்பு இங்கே உதவியது. ஆலிவர் அடுத்து எதை வாசிப்பார் என்று முன்னறிந்தவர் போல் இவர் இணைந்து வாசித்ததைக் கேட்டு இசைக்கலைஞர்களே திகைத்தனர். 1923இல் அவர்களுடைய இசைத்தட்டுகள் வெளிவந்தன. 1924இல் நியூயார்க் சென்றார்.

1925 முதல் 1928 வரை ஐவரும் எழுவருமாகச் சேர்ந்த சிறு குழுக்களோடு அவர் பதிவு செய்த இசைத்தட்டுகளே ஜாஸ் இசையின் போக்கை மாற்றியவை. அதுவரை எல்லோரும் சேர்ந்து பின்னி வாசிப்பதே அவ்விசையின் வழக்கம். ஒரு கலைஞன் தனித்து நின்று, ஒரு மெட்டைத் தன் கற்பனையால் விரித்து, மற்றவர் அதற்குத் துணை நிற்கும் முறையை நிலைநாட்டியவர் ஆம்ஸ்ட்ராங். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை தோடியை விரித்ததைக் கேட்ட காவிரிக் கரையினர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. கார்னெட்டை விட்டு அவர் ட்ரம்பெட்டுக்கு மாறியதும் இக்காலத்தில்தான்.

1931இல், ஒன்பது ஆண்டுகள் கழித்து, புகழோடு பிறந்த ஊருக்கு வந்தார். ஆற்றங்கரையை ஒட்டிய நடன மண்டபம் ஒன்றில் நிகழ்ச்சி. வெள்ளையர்க்கு மட்டுமே அனுமதி. வானொலியில் ஒலிபரப்பும் ஏற்பாடாகியிருந்தது. ஒரு கறுப்பனை அறிவிக்க மாட்டேன் என்று அறிவிப்பாளர் மறுத்துவிட, ஆம்ஸ்ட்ராங் தாமே முன்வந்து தம்மை அறிவித்துக்கொண்டு வாசித்தார். உள்ளே நுழைய முடியாத ஆயிரக்கணக்கான கறுப்பின மக்கள் வெளியே ஆற்றின் கரைமேட்டில் நின்று, சாளரங்களின் வழியே மிதந்து வந்த இசையைக் கேட்டனர். உறையூரில் தோன்றிய திருப்பாணாழ்வார் காவிரியின் தென்கரையில் யாழோடு நின்று, அக்கரையில் உள்ள அரங்கனை எட்டி நின்றே பாடியதாகக் கூறும் கதையை நாம் அறிவோம். மண்டபத்தினுள் பாடகன், வெளியே அவன் மக்கள் என்பது மட்டுமே அங்கே வேறுபாடு. அப்பயணத்தில் அவர் மறவாமல் சென்ற இடங்களுள் ஒன்று பழைய சிறுவர் இல்லம்.

அதன் பிறகு வந்த புகழையும் திரைப்படங்களையும் உலகப் பயணங்களையும் விரிக்க இங்கே இடமில்லை. ஆனால் அவர்மீது எழுந்த குற்றச்சாட்டைச் சொல்லாமல் விடலாகாது. மேடையில் எப்போதும் பல் தெரியச் சிரிக்கிறார், வெள்ளையரை மகிழ்விக்கும் வேடம் போடுகிறார் என்று அவருடைய இன இளைஞர்களே ஏசினர். அக்குற்றச்சாட்டில் ஓரளவு பொருள் உண்டென்றே நாமும் கருதுகிறோம். அடிபட்ட தலைமுறையின் சிரிப்பில் எவ்வளவு மகிழ்ச்சி, எவ்வளவு தற்காப்பு என்று அளந்து சொல்ல நம்மால் இயலவில்லை.

1957 செப்டம்பரில் அச்சிரிப்பு மறைந்தது. ஆர்க்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில், வெள்ளையர் மட்டுமே பயின்று வந்த மத்திய உயர்நிலைப் பள்ளியில் சேர ஒன்பது கறுப்பின மாணவர்கள் சென்றனர். தனிப்பள்ளி முறை செல்லாதென உச்ச நீதிமன்றம் 1954இலேயே தீர்ப்பளித்திருந்தும், மாநில ஆளுநர் ஃபாபஸ் படையை நிறுத்தி அவர்களைத் தடுத்தார். குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் தயங்கினார். அப்போது வட டக்கோட்டாவில் நிகழ்ச்சிக்குச் சென்றிருந்த ஆம்ஸ்ட்ராங்கை இளம் நிருபர் ஒருவர் கண்டு பேசினார். தலைவருக்குத் துணிவில்லை என்றும், தம் மக்களை இப்படி நடத்தும் அரசின் சார்பில் சோவியத் நாட்டுக்கு இசைப்பயணம் செல்லப் போவதில்லை என்றும் ஆம்ஸ்ட்ராங் வெளிப்படையாகக் கூறிவிட்டார். அவருடைய உதவியாளர் அதை மறுத்து அறிக்கை விட்டபோது, தாம் சொன்னது சொன்னதே என்று உறுதி செய்தார். அவரைப் புறக்கணிக்க வேண்டுமென்ற குரல்கள் எழுந்தன. சில நாள்களில் ஐசன்ஹோவர் இராணுவத்தை அனுப்பினார். ஒன்பது பிள்ளைகளும் பள்ளிக்குள் நுழைந்தனர். ஆம்ஸ்ட்ராங் அவரைப் பாராட்டித் தந்தி அனுப்பினார்.

உயர்நிலைப் பள்ளி வாசலையே காணாதவர், பிறர் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியில் நுழைவதற்காகத் தம் பிழைப்பைப் பணயம் வைத்தார் என்பதே நம் நெஞ்சைத் தொடும் செய்தி. அந்த ஒன்பதின்மருள் ஒருவர் எர்னஸ்ட் கிரீன். முன்பு பயின்ற கறுப்பர் பள்ளியில் அவர் பேண்டில் சாக்ஸபோன் வாசித்தவர். புதிய பள்ளியில் வகுப்பறை திறந்ததே தவிர, பாடத்துக்குப் புறம்பான எதிலும் ஒன்பதின்மருக்கும் இடமில்லை. விளையாட்டும் இல்லை, பேண்டும் இல்லை. 1958 மே மாதம் கிரீன் அப்பள்ளியில் தேறிப் பட்டயம் பெற்றார்.

லூசியானா மாநிலம் 1956இல் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் வாசிப்பதைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. தம் குழுவில் இரு இனத்தவரும் இருந்ததால் ஆம்ஸ்ட்ராங் பிறந்த ஊரில் வாசிப்பதையே நிறுத்திக்கொண்டார். சட்டங்கள் மாறிய பின், 1965இல்தான் மீண்டும் அங்கே வாசித்தார். அதற்கு முந்தைய ஆண்டில், அறுபத்திரண்டு வயதில், அவர் பாடிய பாடல் ஒன்று பீட்டில்ஸ் குழுவினரை முதலிடத்திலிருந்து இறக்கியிருந்தது.

1971 ஜூலை 6ஆம் நாள் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில், எளிய மக்கள் வாழும் தெருவில் தாம் 1943இல் வாங்கிய வீட்டில், உறக்கத்திலேயே அவர் உயிர் நீத்தார். அவ்வீடு 2003 முதல் அருங்காட்சியகமாக உள்ளது. நியூ ஆர்லியன்ஸ் விமான நிலையத்துக்கு 2001இல் அவர் பெயரைச் சூட்டினர். சிறுவர் இல்லத்தில் அவர் ஊதியவையென்று போற்றப்படும் பியூகிளும் கார்னெட்டும் அந்நகரின் ஜாஸ் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன.